ஞாயிறு குளிர் ஜாக்கெட் சேர்க்கிறோம்

வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அளவு சிறுத்த ஜாக்கெட், பனிச் சப்பாத்து எதையும் குப்பையில் போடாதீர்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு எங்கள் வீட்டு கராஜுக்குக் கொண்டு வாருங்கள். தோய்த்து, சிப்பை ஒருக்கால் இழுத்துப் பார்த்துத் தாருங்கள். போனமுறை ஒரு பொக்கற்றுக்குள் பாதி தின்ற ரோல்ஸ் இருந்தது!

1991 ஜனவரியில் நான் வந்திறங்கியபோது போட்டதும் யாரோ கொடுத்த ஜாக்கெட்தான். கை விரல் நுனி தாண்டித் தொங்கும். ஐந்து குளிர்காலம் அதுதான் உழைத்தது.

அப்புறம், பருப்பு, டின் மீன் கொண்டுவரலாமா என்று ஒரு அக்கா கேட்டார். தாராளமாக. பெட்டியில் போட்டிருக்கும் ‘பெஸ்ட் பிஃபோர்’ (இதற்கு முன் சாப்பிட்டால் நல்லது) திகதி தரத்துக்குத்தான், தாண்டியவுடன் கெட்டுவிடாது. திகதி முடிந்த குழந்தைப் பால்மாவும் வீங்கிய டின்னும் மட்டும் வேண்டாம்.

வாகனம் இல்லாதவர்கள் சனி இரவுக்குள் சொல்லுங்கள், வந்து எடுக்கிறோம்.