விசுவாசத்தைக் கேள்வி கேட்பது தூஷணமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் வீடியோ கேம்கள் எல்லாம் தேவதூஷணம் என்று சபை வட்டாரங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், அத்தகைய ஒன்றைக் கடைசிவரை விளையாடிப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் விளையாடியது 2024 மே மாதம் வெளியான 'இண்டிகா'; ஆட் மீட்டர் என்ற சிறு குழுவின் படைப்பு. மாஸ்கோவில் இயங்கிவந்த அக்குழுவினர், 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின் கஜகஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர்கள். மத உணர்வைப் புண்படுத்துவோரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் 2013 முதல் நடப்பில் உள்ள நாடு அவர்களுடையது. தேவாலயத்துக்குள் போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டை விளையாடிய ஓர் இளைஞர்மீது 2017இல் அங்கே தண்டனைத் தீர்ப்பே வந்தது.

கதை நாயகி பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய மடமொன்றில் வாழும் இளம் கன்னியாஸ்திரி. தொடக்கத்தில் அவளாக நாம் கிணற்றுக்கும் பீப்பாய்க்கும் இடையே மெல்ல மெல்ல நடந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறோம். கடைசியில் மூத்த சகோதரி ஒருவர் வந்து அத்தனையையும் தரையில் கொட்டிவிடுகிறார். பிறகு ஓரிடத்தில், அவளுக்குள் கேட்கும் சாத்தானின் குரல் ஓங்கும்போது அவள் நிற்கும் இடமே பிளந்துபோகிறது, பொத்தானை அழுத்தி ஜெபித்தால் மறுபடி ஒன்றுசேர்கிறது. ஆனால் அந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டுமானால் ஜெபத்தை மாறி மாறி நிறுத்தவும் வேண்டும், தொடரவும் வேண்டும். சந்தேகத்தோடு ஜெபிப்பது எப்படி இருக்கும் என்பதை எந்தப் பிரசங்கமும் என் விரல்களுக்கு இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்ததில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றினால் புள்ளிகள் கிடைக்கின்றன. அந்தப் புள்ளிகளால் பயனில்லை என்று திரையே சொல்லியும், நான் ஒன்றைக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டே போனேன். மனப்பாட வசனம் ஒப்பிக்கும் பிள்ளைகளின் அட்டையில் நான் ஒட்டும் நட்சத்திரங்கள் அப்போது நினைவுக்கு வந்தன. வசனத்துக்குப் பொருள் கேட்ட பிள்ளைக்கு நான் ஒருநாளும் நட்சத்திரம் கொடுத்ததில்லை. இரட்சிப்பு கிரியைகளால் அல்ல, கிருபையால் என்று எபேசியருக்குப் பவுல் எழுதியதும் இதே கணக்கை எதிர்த்துத்தானே!

விளையாட்டின் முடிவை நான் ஏற்கவில்லை; ஜெபம் வெறுமையில் போய் விழுகிறது என்பது என் அனுபவமல்ல. பாலியல் வன்முறையும் இடம்பெறுவதால் இது சிறுவர்களுக்கு உரியதும் அல்ல. ஆயினும், விசுவாசத்தோடு மல்லுக்கட்டுகிறவனையும் கேலி செய்கிறவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன வரலாற்றிலிருந்து விளையாட்டு வடிவமைப்பாளர் எட்மண்ட் மெக்மில்லன் 2011இல் உருவாக்கிய 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' விளையாட்டை, மதம் சார்ந்த உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி 2012இல் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோ தன் கருவியில் வெளியிட மறுத்தது. அதன் மறுபதிப்பை 2015இல் அதே நிறுவனம் தன் கருவிகளில் அனுமதித்தது. மறுத்தபோது எழுந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்றே அதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

வீடியோ கேம் என்றாலே அடிமைத்தனம், கண் கெடுதல் என்ற அளவில் நின்றுவிடாமல், திரைப்படங்களுக்கு ஒதுக்குவதுபோல் இவற்றின் விமர்சனத்துக்கும் தங்கள் நாளிதழில் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர் அவற்றை இறுதிவரை விளையாடியவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை