பெயர் தெரியாத அந்த 53 வயதுப் பெண்மணிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை லேப் சாவியை ஒப்படைத்துவிட்டேன். பிரிவு உபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இயக்குநருக்கும் நிதி தந்தவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லியே ஆகவேண்டிய பலர் விட்டுப்போனார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி நான் பார்த்தே இராத ஒருவருக்கு. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் முற்றிப்போன ஒரு 53 வயதுப் பெண்மணி. அவருடைய நெஞ்சில் கட்டியிருந்த நீரிலிருந்து வளர்த்த செல்களைப் பற்றி அமெரிக்காவின் டென்னசியிலிருந்து லோசியோ என்ற பெயருள்ள ஆய்வாளர்கள் இருவர் 1975-இல் எழுதினார்கள். அந்தச் செல்களுக்குக் கே562 என்று பெயர். நான் 1997-இல் வேலையில் சேர்ந்ததும் என் கையில் கொடுத்த முதல் குப்பி அதுதான். கண்ணாடியில் ஒட்டாமல் மிதக்கும், ஒரு நாளில் இரட்டிப்பாகும். இருபத்தைந்து வருடமாக அந்த அம்மாவுக்குத் தீனி போட்டிருக்கிறேன், என் வீட்டுப் பூனைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போட்டதில்லை. கட்டுரையில் வயது இருக்கிறது, நோய் இருக்கிறது. பெயர் இல்லை.

அவருடைய செல்களில் இருக்கும் கோளாறுதான் என் வாழ்நாள் வேலை. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போகின்றன. அதிலிருந்து வரும் புரதம் அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, வெள்ளணுக்களைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப் என்ற மாத்திரை, புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அந்தச் சுவிட்சை அணைத்தது. சில வருடங்களில் உயிரைக் குடிக்கும் நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வாழும் நோயாக மாறியது.

யாருக்கு? மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுக்க முடிந்தவர்களுக்கு. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மாத்திரையோ அப்போது மாதம் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள். அந்த மலிவு மாத்திரை நிற்கக் கூடாது என்று, அசல் மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையை எதிர்த்து மனுப் போட்ட புற்றுநோயாளர் அமைப்புக்கு என் நன்றி. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்தக் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நான் லேபில் செய்த எதையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றியது அந்த வழக்குதான் என்பது என் கணக்கு.

அப்புறம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருவாரே, அந்தக் கரும்பு விவசாயி. 2004-இல் மாத்திரை அவருக்கு வேலை செய்வதை நிறுத்தியது. ஆய்வுக்கு இன்னொரு ட்யூப் ரத்தம் கேட்கத் தயங்கி நின்றேன். “அதான் ஊறிக்கிட்டே இருக்குதேம்மா, எடுத்துக்கோங்க” என்று சிரித்தார். அவருடைய ரத்தத்தில் அந்தப் புரதத்தின் 315-ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலியூசின் வந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் பள்ளத்தின் வாசலில் குண்டாக நின்று மருந்தை மறித்தது. அவர் 2009-இல் போய்ச் சேர்ந்தார்.

அந்த வாசலைத் தாண்டத்தான் எட்டு வருடம் முயன்றோம். இரவு பகலாக மூலக்கூறு செய்து தந்த வேதியியல் தம்பிக்கு என்ன சொல்வது? எங்கள் 87-ஆம் மூலக்கூறு தட்டில் செல்களை அழகாகக் கொன்றது. எலிக்குக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் காணோம். 2012 டிசம்பரில் வேறொரு கம்பெனியின் பொனாடினிப் என்ற மருந்து ஒப்புதல் பெற்ற செய்தி வந்தது. மூலக்கூறின் நடுவில் முப்பிணைப்பை (படத்தில் மூன்று கோடாகப் போடுவோம்) நீட்டுக் குச்சி மாதிரி வைத்து அந்த ஐசோலியூசினில் இடிக்காமல் நுழைந்திருந்தார்கள். அன்று எனக்குத் தூக்கமில்லை. பொறாமைதான், வேறென்ன. தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, “மேடம், நாம போட்ட ஒரு கோட்டுப் பக்கத்துல இன்னும் ரெண்டு கோடு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றான். இருவரும் கேன்டீனுக்குப் போய் வடை சாப்பிட்டோம். சரி, மருந்து வந்துவிட்டது, யார் செய்தால் என்ன என்று மனம் ஒப்ப எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஒரு தீபாவளி இரவு மைனஸ் எண்பது ஃபிரீசர் நின்றுபோனது. வெடிச் சத்தத்துக்கு நடுவே அலாரத்தைக் கேட்டு எனக்குப் போன் செய்த வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி. நோயாளிகளின் மாதிரிகள் பிழைத்தது அவர் காதால்தான். பிப்பெட்டும் குப்பியும் கழுவித் தந்த அக்காவுக்கு நன்றி, அவர் லீவு போட்ட வாரங்களில்தான் என் தட்டுகளில் பூஞ்சை வந்தது. ஒன்பது மணிக்கு ஆன்டிபாடி ஊற்றிவிட்டு வீடு திரும்பும் மருமகளுக்காகத் தோசை மாவை வெளியே எடுத்து வைத்த அத்தைக்கு நன்றி. அவர் இருந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து வரும் பிள்ளைகளுக்கு: கே562 ஆறு குப்பிகள் திரவ நைட்ரஜனில் இருக்கின்றன, மூன்றாம் தட்டு, இடது ஓரம். எடுத்தால் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.