கள்ளிப்பெட்டி மேசை

அல்பர்ட்ஸ்லுண்ட், டென்மார்க்,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் காதுக்குப் பாதிதான் எட்டுகிறது. மீதியைத் தம்பி கத்திச் சொல்ல, அது தெருவுக்கே கேட்கிறது. அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள். மர விஷயம்தான் அதிகம் இருக்கும். அம்மா சலித்துக்கொண்டால் நடுவில் விட்டுவிட்டு உங்கள் பேத்தி வரும் இடத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கு நான் சைக்கிளை எடுக்கும்போது இன்னும் விடிந்திருப்பதில்லை. டிசம்பர் வந்தால் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் அழுதேன், இப்போது கையுறையைத் தேடுவதோடு சரி. கிடங்கு வேலை பழகிவிட்டது. லாரியில் வந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். மேற்பார்வையாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஐயா, சார் எதுவும் கிடையாது. எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது.

சரக்கு வருவது மரத் தட்டுகளின் மேல். பேலட் என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் லாரிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவின் பொதுப் பேலட் 120 சென்டிமீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. எந்த நாட்டில் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எடை ஏறக்குறைய 25 கிலோ. அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள், கடைக்குக் கடை மாற்றிக்கொள்வார்கள். ஒரே தடவைக்கென்று அளவில்லாமல் அடித்த பேலட்டுகளும் உண்டு. அவற்றை யாரும் சீண்டுவதில்லை. கொல்லைப்புறத்தில் மலைபோல் கிடக்கும். ஒருநாள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். முதல் மாதம் அந்தக் குவியலைப் பார்த்தபோது, அப்பா இதில் எத்தனை கதவு போடுவார் என்றுதான் மனதுக்குள் எண்ணினேன்.

பலகையில் சூடு போட்டதுபோல ஒரு முத்திரை இருக்கும். ஒரு கோதுமைக் கதிர் படம், நாட்டின் எழுத்து, கடைசியில் ஆங்கிலத்தில் எச், டி. மரத்தின் உட்புறம் வரை 56 டிகிரி வெப்பம் ஏறும்படி 30 நிமிடம் காய்ச்சினோம் என்பதற்கு அது அடையாளம். ஒரு நாட்டு வண்டு இன்னொரு நாட்டுக் காட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக உலகம் முழுக்க இந்த ஏற்பாடு. நம் ஊரில் வேப்பெண்ணெய் தடவுவீர்கள், தாத்தா காலத்தில் குளத்தில் ஊறப்போடுவார்கள் என்று சொல்வீர்கள். பயம் ஒன்றுதான் போலிருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை, இந்த ஊர்ப் பூங்காவில் ஒரு பூதம் இருக்கிறது, போய்ப் பார்ப்போம் என்றார். உங்கள் பேத்தி பள்ளியிலேயே கேள்விப்பட்டிருக்கிறாள். எங்களுக்கு வழிகாட்டியே அவள்தான். புல்மேட்டில் ஏறிப் போனால், மேட்டின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான், வீட்டு உயரத்துக்கு ஓர் ஆள்! பெயர் தாமஸ். பக்கத்தில் போய் முழங்காலைத் தொட்டேன். பலகை. இன்னும் கிட்டே போய்க் கால் விரலைப் பார்த்தேன். ஆணி அடித்துப் பிடுங்கிய இரண்டு துளை, துருக் கறை, அதன் கீழே பாதி அறுபட்டுப்போன அந்த முத்திரை.

அப்பா, நான் தினமும் எண்ணுகிற பேலட் அது.

உடம்பு முழுக்க அப்படித்தான். இழைப்புளி படவே இல்லை. வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகிப்போன பலகையை, ஓட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். காடி இல்லை, பிணைப்பு இல்லை. நீங்கள் பார்த்தால் முதலில் முகம் சுளிப்பீர்கள். ஆனால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்: தொப்பை தொப்பையாகவே தொங்குகிறது. நேர்ப்பலகையை வைத்து அந்த வளைவைக் கொண்டுவர எத்தனை சின்னத் துண்டுகள் அறுத்திருப்பார்கள்! முகத்தில்தான் வேலை. கன்னத்துச் சுருக்கமும் மூக்கும் துண்டு துண்டாகக் கூடி, ஆள் இப்போதுதான் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்ததுபோல இருக்கிறது.

இதைச் செய்தவர் பெயர் தாமஸ் டாம்போ. இந்த நாட்டுக்காரர், ஓடன்ஸ நகரில் 1979இல் பிறந்தவர். முன்பு ராப் பாடிக்கொண்டிருந்தவராம். பிறகு தூக்கிப்போட்ட மரத்தில் பறவைக் கூடு செய்து ஊரெல்லாம் மாட்ட ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு பூதங்கள். முகம், கை, கால் ஆகியவற்றைப் பெரும்பாலும் பட்டறையில் செய்துகொண்டு போய், உடம்பை அந்த இடத்திலேயே, அங்கே கிடைக்கும் பழைய மரத்தில், அந்த ஊர் ஆட்களை வைத்துக் கட்டுகிறார். அமெரிக்கா, கொரியா, ஆஸ்திரேலியா என்று இப்போது 100க்கும் மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஒரு மலையூரில் 2018இல் ஒன்றைச் செய்துவைக்க, கூட்டம் தாங்காமல் அக்கம்பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்து, ரம்பம் போட்டுப் பிரித்து, அடுத்த வருஷம் வேறு இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பூதமானாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தப்ப முடியாது!

எங்கள் பக்கத்தில் இருப்பவை 2016இல் செய்தவை. மொத்தம் ஆறு. கோபன்ஹேகனுக்கு மேற்கே ஆறு புறநகர்கள், ஊருக்கு ஒன்று. சுற்றுலாப் பயணிகள் கடற்கன்னி சிலையைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள், இந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். அடுக்குமாடிகளும் எங்களைப் போன்ற வெளிநாட்டாரும் நிறைந்த பகுதி. இங்கேயும் காடு இருக்கிறது, ஏரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்வதற்காகவே ஒளித்து வைத்திருக்கிறார். பூதம் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் பாட்டு ஒன்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் பேத்தி டேனிஷில் கடகடவென்று படித்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நான் அந்த மொழியில் இன்னும் ரொட்டி வாங்கும் அளவில்தான் இருக்கிறேன்.

அன்றிலிருந்து அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. நேற்று வலன்ஸ்பெக் ஏரிக்கரையில் டில்ட என்ற பெண் பூதத்தைப் பார்த்தோம். அவள் உடம்புக்குள்ளேயே பறவைகளுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். ஓட்டை வழியாக ஒரு சிட்டு தலையை நீட்டியது. இன்னொருவன் ஓடையின் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு இருக்கிறானாம், கடந்து போகிறவர்களுக்குத் துணையாக. ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்குகிறானாம். அந்த வாய்க்குள் நுழைய வேண்டும் என்று இவள் நாள் குறித்துவிட்டாள். பூதங்களுக்கு மனிதர் காட்டை அழிப்பது பிடிக்காது, அதனால்தான் காவலுக்கு நிற்கின்றன என்று எனக்குப் பாடம் வேறு நடத்துகிறாள். நம் ஐயனார் கோயில் காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கக்கூட உங்கள் அம்மா விடமாட்டார்களே, அந்தக் கதையைச் சொன்னேன். ஐயனாருக்கு எத்தனை பேலட் என்று கேட்டாள். குதிரை மண்ணால் செய்தது என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குப்பையை மதிப்பதில் இந்த ஊர்க்காரர்கள் ஒழுங்கு. வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும். பாட்டில், டப்பா வாங்கினால் அதற்கு முன்பணம் வைத்துத்தான் விற்பார்கள்: சின்னதற்கு ஒரு குரோனர் அல்லது ஒன்றரை, பெரியதற்கு மூன்று. கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தாத்தா நினைவுதான் வந்தது. ஆனால் எல்லாம் உத்தமம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் தலைக்கு அதிகக் குப்பை சேர்க்கும் நாடுகளில் இதுவும் ஒன்று. கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கும் பெரிய ஆலையின் கூரை மேல் பனிச்சறுக்குத் தளமே கட்டியிருக்கிறார்கள்! எங்கள் கிடங்கில் ஒரு பேலட்டைச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளை விரித்தால் நம் வாசலிலிருந்து தெருமுனை வரை போகும். பூதத்தின் தொப்பைக்குள் எவ்வளவு பேலட் போனாலும் அது அடங்காது. அதை அந்தச் சிற்பிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியாதா என்ன.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தக் கால் விரலைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம் வீட்டு மேசை ஞாபகமாகவே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் நீங்கள் எனக்குச் செய்து கொடுத்தீர்களே, கள்ளிப்பெட்டிப் பலகையில். மற்றவர் வீட்டுக்கெல்லாம், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்கை வாங்கிவந்து கதவும் ஜன்னலும் செய்தீர்கள். எனக்கு மிஞ்சியது பெட்டி மரம். மேற்பலகையில் கறுப்பு மசியில் ஆங்கில எழுத்து இருந்தது. ஒருநாள் என்னோடு படித்த பெண் வீட்டுக்கு வந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். அன்று ராத்திரியே மைதா மாவில் பசை காய்ச்சி, முருகன் காலண்டர் படத்தை அதன் மேல் ஒட்டினேன். எழுதும்போது வழவழப்பாக இருக்கும் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பில் தாள் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தை விரலால் நீவி விட்டீர்கள்.

அந்த மேசையின் நாலு காலிலும் காடி எடுத்துப் பிணைத்திருந்தீர்கள். ஓர் ஆணி கிடையாது. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, நாள் முழுக்க 78 ஆணிகளின் நடுவில் நிற்பதால்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்கிறோம், பழைய மரத்தையெல்லாம் விறகுக்குப் போடப்போகிறோம் என்று தம்பி சொன்னான். மேசை மேலேதான் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பூதத்தின் பலகைகளுக்குத் தலைப்பக்கமெல்லாம் மழைக்குத் திறந்தபடி இருக்கிறது. முழங்கால் அருகே ஒரு பலகை நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எண்ணெயா, தாரா, இல்லை பலகையையே மாற்றிவிடுவீர்களா? உங்கள் பேத்தி கவலைப்படுகிறாள், தாத்தாவிடம் கேள் என்கிறாள். பதிலை அவளுக்கென்று தனியாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தமிழ் படிக்கப் பழகுகிறாள்.

அம்மாவிடம் வத்தல் பார்சல் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். மோர் மிளகாய் பாதி தீர்ந்துவிட்டது.

பிறகு, முடிந்தால், அந்த முருகன் படத்தைத் தண்ணீர் தொட்டு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துப் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள். எனக்கு முதல் எழுத்து மட்டும்தான் நினைவிருக்கிறது.

உங்கள் அன்பு மகள்