ஸ்கூப் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றில் கலந்திருக்கும் காஃபின் பலத்தைக் கூட்டும் என்று எழுதியவர், எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எங்கள் ஊருக்கு அதுதான் முக்கியம். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் விளையாட்டில் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. அவரைப் பார்த்துப் பளுதூக்க வந்த பிள்ளைகள் சத்துவாச்சாரியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு போட்டிக்குப் பையன்களோடு போயிருந்தேன். அதில் ஒருவனுக்குப் பதினேழு வயது, உடல் எடை 60 கிலோ. எடை பார்த்து முடித்ததும் ஓரமாகப் போய், ஒரு ஸ்கூப் பவுடரை, அதாவது டப்பாவோடு வரும் கரண்டியில் ஒரு கரண்டி, தண்ணீர்கூட இல்லாமல் வாயில் கொட்டிக்கொண்டான். சற்று நேரத்தில் இன்னொரு ஸ்கூப். பிடி வழுக்காமலிருக்கக் கையில் சாக் பொடி தடவும்போது விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. "முகமெல்லாம் சுருக் சுருக்குன்னுது சார், நல்லா வேலை செய்யுது" என்றான். அந்தச் சுருக்கு அதில் கலந்திருக்கும் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தால் வருவது, காஃபினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயிற்சியில் சாதாரணமாகத் தூக்குகிற எடைதான், ஆனால் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் மூன்று முயற்சியும் போயிற்று. அப்புறம் இரண்டு வகைத் தூக்கலையும் கூட்டிவரும் டோட்டல் ஏது?

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஸ்கூப்புக்கு 300 மில்லிகிராம் காஃபின். இரண்டு போட்டால் 600, அதாவது அவன் எடைக்குக் கிலோவுக்கு 10. ஆய்வுகளில் பலன் தெரிவது பெரும்பாலும் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரைதான், அதுவும் பெரியவர்களுக்கு. 9-ஐத் தொட்டாலே படபடப்பும் நடுக்கமும்தான் கூடும், பலன் கிடைக்க அவ்வளவு தேவையும் இல்லை.

காஃபினே கூடாது என்று நான் சொல்லவில்லை. களைப்பை உணர்த்தும் அடினோசினை அது மறிக்கிறது, அதனால் தூக்குகிற எடையில் சிறிய முன்னேற்றம் கிடைக்கிறது. 2004-இலேயே ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் டப்பாவில் காஃபின் மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லிப் பையன் தப்பிக்க முடியாது.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே போன காஃபினில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிப் பயிற்சிக்குக் குடித்தால் இரவு பதினொன்றுக்கும் பாதி உடம்பில் இருக்கும். காலையில் வகுப்பில் தூங்கி வழிகிறான், அதைப் போக்க மாலையில் மறுபடி ஒரு ஸ்கூப். வளர்கிற பிள்ளைக்கு இது தேவையா?

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கு இதை விற்காதீர்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளர்கள் போட்டியன்று பையன்களின் பையைத் திறந்து பார்க்கட்டும். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, காபி, ஒரு ஸ்கூப் பவுடர் ஆகியவற்றில் எத்தனை மில்லிகிராம் காஃபின் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டால், வெட்டியெடுத்து எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
பளுதூக்கும் பயிற்சியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.