மகளுக்கு, புதிய கண்ணாடியைப் பற்றி

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. புதிய கண்ணாடி முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று அப்பா சொன்னார்; வில்லையும் மெல்லியதாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வில்லைக்குள்ளே உன் கன்னத்தின் கோடு வெளிக்கோட்டோடு சேராமல் மூக்குப் பக்கமாக விலகி நிற்பதையும், கண்கள் முன்பைவிடச் சிறுத்திருப்பதையும், இத்தனை காலம் ஒளியியல் படிப்பித்த நான் காணாமல் இருக்க முடியுமா?

நடு மெலிந்து ஓரம் தடித்த வில்லை கதிர்களை விரிக்கும். வலு கூடக்கூட அந்த விலகலும் கூடும். ஒளியை வளைக்கும் அளவான முறிவுச் சுட்டி 1.67 அல்லது 1.74 உள்ள பொருளில் செய்தால், 1.5 உள்ள சாதாரண பிளாஸ்டிக்கைவிட ஓரம் மெலியும், வலு அப்படியே இருக்கும். உயர்தரத்தில் பௌதிகவியலில் ஏ எடுத்த பிள்ளைக்கு இது தெரியாததல்ல.

குறும்பார்வைக்குப் பாடப்புத்தகம் இருகுழிவு வில்லையை வரைந்து காட்டும். நீ அணிந்திருப்பதோ, முன்பக்கம் சற்றே குவிந்து, பின்பக்கம் அதைவிட ஆழமாகக் குழிந்த பிறை வடிவம். விழியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளிவு குறையக்கூடாது என்று ஆங்கிலேய விஞ்ஞானி வொலஸ்ரன் 1804இல் முன்வைத்தது. 'முன்பக்கம் குவிவாக இருக்கிறதே, இது எப்படிக் கதிரை விரிக்கும்?' என்று என் வகுப்பில் கேட்ட ஒரே பிள்ளை நீதான். அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கிருந்து போகும்போது உன் வில்லையின் வலு மறை 2 டயோப்டர். அரை மீற்றருக்கு அப்பால்தான் மங்கல். மறை 6 ஆனால் அந்த எல்லை 17 சென்ரிமீற்றருக்கு வந்துவிடும். விழித்திரைக்கு முன்னே விழும் விம்பத்தைத் திரைக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே வில்லையின் வேலை. நீண்டுபோன விழிக்கோளத்தை எந்த வில்லையும் சுருக்காது, லேசர் சிகிச்சையும் சுருக்காது; அது நீளநீள விழித்திரை இழுபட்டு மெலியும். பெரியம்மாவுக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அவவும் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகவே கண்ணாடிக் கடையில் பார்த்ததோடு நிற்காதே. கண் வைத்தியரிடம் போய், கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ, ஓரத்திலிருந்து நிழல் இறங்கினாலோ, அன்றைக்கே போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

கல்லடியில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி மாற்ற வேண்டும். அது வயதோடு வருவது, அதில் எனக்குப் பயமில்லை. மாமாங்கத் தீர்த்தத்துக்கு நீ வராததையும் நாங்கள் பெரிதுபடுத்தவில்லை, வேலை என்றாய். விழித்திரையைப் பார்க்க மட்டும் வேலையைச் சாட்டுச் சொல்லாதே.

கண்ணாடிக்கு எழுதித்தந்த சீட்டில், இரண்டு கண்ணுக்கும் கோளம், உருளை, அச்சு என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றைக் குறியோடு, ஒன்றையும் குறைக்காமல், எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா