பிளக் கொடுத்ததோடு கடமை முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணியிடப் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் படத்தோடு இருந்தது. காதுக்கு ஒரே ஒரு வரி: 'இயர் பிளக் அணியவும்'. தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். அந்த வரியைப் படித்ததும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்குக் காது கேட்கும். சிக்கலே அதுதான். யாராவது பேசினால் சத்தம் வருகிறது, சொல் பிடிபடுவதில்லை. "தாத்தா, பல்லு ஆடுது" என்று பேத்தி காட்ட வந்தாள். "கல்லை ஏம்மா ஆட்டுற, கீழே போடு" என்றேன். வீடே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதி ஒலிகளை. அது போனால் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒலியை உணரும் உள்காதின் முடிச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதும் இல்லை. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. அதனால் விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது.

பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் (NIOSH) நிறுவனம் 1998-இல் பரிந்துரைத்த கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! மீட்டர் வேண்டியதில்லை, கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் சைகையில்தான் பேசிக்கொள்வோம்.

எங்கள் ஷாப்பில் பிரஸ்ஸை விட மோசமான சத்தம் காற்றுடையது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு, பீஸைத் தள்ளிவிட ஒரு திறந்த குழாய் வழியாகக் காற்று சீறும். பீஸ் போய் விழுவதோ தகரச் சரிவில். மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்த ஒருவர் குழாய் முனையில் பல துளை நாசில் மாட்டினார், காற்று தேவையான அந்த நொடிக்கு மட்டும் வரும்படி வால்வைத் திருத்தினார், சரிவுக்கு அடியில் ரப்பர் ஒட்டினார். ரெண்டு நாள் வேலை. அன்று சாயங்காலம் பக்கத்து மெஷின்காரர் இருமியது எனக்குக் கேட்டது. இத்தனை வருடம் ஏன் இதைச் செய்யவில்லை? பிளக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியாகிவிட்டதே!

சரி, அந்தப் பிளக்கையாவது போடத் தெரியுமா? ஸ்பாஞ்ச் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, உப்பும் வரை பிடித்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். சூப்பர்வைசர் வந்தால் வேறு கழற்றுவோம். ஷிப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால், எவ்வளவு உசத்தியான பிளக்காக இருந்தாலும் மொத்தத்தில் 3 டெசிபல் அளவுக்குத்தான் பாதுகாப்பு.

வருடம் ஒருமுறை காது பரிசோதனையும் நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவோம். ரிசல்ட் கேட்டால் "நார்மல்தான், போங்க" என்பார்கள். தாள் ஃபைலுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் பின் வெளியில் சோதித்தபோது, கேட்கும் திறனைக் காட்டும் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது. "பழைய ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்டார் பரிசோதகர். பள்ளம் எந்த வருடம் விழுந்தது என்று அதில் இருந்திருக்கும்.

மெஷினின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் பிளக் கொடுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்குள் போய் வரும் தோழர்கள், அந்தத் தாளின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர் ஒருவர்