புள்ளி வைத்த எழுத்து

பினாங்கு,
தைப்பூசத்துக்கு முந்திய வாரம்

அன்புள்ள கண்ணம்மா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. கிளாஸ்கோவில் குளிர் கடுமை என்று தம்பி சொன்னான், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ வானொலிக்குக் கொடுத்த நேர்காணலைத் தம்பி கைப்பேசியில் இரண்டு தடவை போட்டுக் காட்டினான். உன் நாவலின் மாய உலகம் எங்கிருந்து வந்தது என்று பேட்டி எடுத்த பெண் கேட்டதும், மாயக் கதை எழுதிய டோல்கீன், உர்சுலா லெ குவின் என்று சொன்னாய். பொழுதுபோக்கு என்ன என்றால் வரைபடம் வரைவது, செடி வளர்ப்பது. பிடித்த சாப்பாடு எது என்றதும் யோசிக்காமல் நம் ஊர் நாசி கண்டார் சோறு என்றாய். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நூலகத்தில் அவர்கள் இருவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். டோல்கீன் சின்னப் பையனாகப் பர்மிங்ஹாமில் இருந்தபோது, நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் ஊர்ப் பெயர்களைப் பார்த்து மயங்கினாராமே. அர்த்தம் தெரியாத எழுத்தைப் பார்த்து ஒரு பிள்ளை நின்றுவிடுவது எனக்கு நன்றாகத் தெரியும். நீயும் அப்படித்தான் நிற்பாய். லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் பலகை, இரண்டு தெரு தள்ளிச் சீனப் பலகை, பள்ளிவாசல் பக்கம் போனால் அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வீடு வந்து சேருவேன்.

நேர்காணலில் நீ சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். அது நடந்தபோது உன் பக்கத்தில் இருந்தவள் நான்தான், அதனால் நான் சொல்கிறேன்.

உன் நாவலில் மந்திரவாதிகள் ஒருவன் பெயரின் மேல் புள்ளி வைப்பார்கள், அவனுக்குப் பேச்சு போய்விடும். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது உனக்கு ஐந்து வயது. ஆயர் ஈத்தாம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. முதலில் 'க' எழுதிக் காட்டினேன், பிறகு மேலே புள்ளி வைத்து 'க்' என்றேன். "ஏன்மா, புள்ளி வச்சதும் அது வாய மூடிக்கிச்சு?" என்று கேட்டாய். உயிர் போய்விட்டது, மெய் மட்டும் நிற்கிறது என்றேன். வகுப்பில் முப்பது வருடம் சொன்ன பதில்தான். எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டு உன்னைப் போல் பயந்ததில்லை.

அன்று சாயங்காலம் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் தம்பியின் பெயரை எழுதி ஒவ்வொரு எழுத்தின் மேலும் புள்ளி வைத்தாய். பென்சிலை அழுத்தி அழுத்தி வைத்ததில் இரண்டு இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. "இனிமே தம்பி அழமாட்டான்" என்றாய். முன்பக்கத்துச் சிவப்பு எண் மங்கலாகத் தெரியும் அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்போது உனக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்களாம். எது பேசும் எழுத்து, எது வாயடைத்த எழுத்து என்று படிக்கிறவர்தான் தெரிந்து படிக்க வேண்டும். உன் அடுத்த பாகத்தில் இதை வைத்து என்னென்ன செய்யலாம், யோசித்துப் பார்.

பெயருக்குள் ஆளைக் கட்டிப்போடும் சக்தி இருக்கிறது என்பதை லெ குவினிடம் எடுத்ததாகச் சொன்னாய். எடுத்திருப்பாய். ஆனால் பாட்டியை நினைத்துப் பார். தாத்தாவின் பெயர் 'வெள்ளை' என்று தொடங்கும். அறுபது வருடம் அந்தச் சொல் பாட்டியின் வாயில் வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமையை 'வியாழனுக்கு மறுநாள்' என்பார், வெள்ளரிக்காயைப் 'பிஞ்சுக்காய்' என்பார். ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் புருஷன் பெயரைக் கேட்டால் என்னை முன்னால் தள்ளி "நீ சொல்லு" என்பார். தைப்பூசத்துக்கு இங்கே வந்தால் வெள்ளி ரதம் அவருக்கு 'பெரிய ரதம்'தான். நீ அவரை எப்படியாவது சொல்ல வைக்கப் பார்ப்பாய். "பாட்டி, நேத்து வியாழன், இன்னைக்கு என்ன?" என்பாய். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே "நாளைக்கு சனி" என்பார். நீ கைகொட்டிச் சிரிப்பாய். உன் கதையில் கணவன் பெயரைக் கடைசிவரை சொல்லாமல் காத்து நிற்கும் அந்தக் கிழவியைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் குரலே கேட்டது. அந்தக் கிழவிதான் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தவள். நடுவில் வரும் போர் நீளம், அதைச் சுருக்கியிருக்கலாம்.

செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்குக் கொடிமலையில் பார்த்த, பூச்சி தின்னும் குரங்குக் குவளைச் செடி மாதிரியே வேண்டும் என்று அடம்பிடித்து, நாற்றங்காலில் ஒன்று வாங்கி மைலோ டின்னில் வைத்து, எறும்பு பிடித்துப் போட்டு வளர்த்தாய்.

அடுத்து உன் வரைபடம். ஆற்று முகத்துவாரத்துக்கு மேலே தனியாக நிற்கிற மலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அது பாட்டி வீட்டு வாசலிலிருந்து தெரியும் கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் அல்லவா? 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடல் தாண்டி வந்த கப்பல்காரர்களுக்குக் கரை வந்துவிட்டது என்று சொன்ன மலை. அதன் அடிவாரத்தில்தான் பாட்டி விடிவதற்கு முன் பெரட்டு என்ற பேர்ப்பதிவுக்குப் போய், பால் பிடிக்கும் மங்கு துடைத்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். கடாரம் என்பது அந்த மண்தான், 1025-ல் ராஜேந்திர சோழனின் படை வந்த இடம் அதுதான் என்று பாட்டிக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கே ஆசிரியர் பயிற்சியின்போதுதான் தெரியும்.

ஒன்பது வயதில் உன்னை மெர்போக்கில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்காலக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கூரையும் மரத்தூணும் போய், தூண் நின்ற கல் மட்டும் வரிசையாக இருந்தது. நீ ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று "இங்க நான்தான் தூண்" என்றாய். உன் கதையில் அடித்தளம் மட்டும் மிஞ்சிய நகரம் வருகிறதே, அதன் கற்களை நான் எண்ணிக்கொண்டுதான் படித்தேன். பூஜாங் பள்ளத்தாக்கில் இன்னொரு சண்டியை வீடு கட்ட நிலம் சமன்செய்தபோது இடித்துவிட்டார்கள். 2013 கடைசியில் அந்தச் செய்தி வந்ததும் அப்பா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அதனால் கேட்கிறேன் கண்ணு. அடுத்த தடவை யாராவது கேட்டால் அந்த இரண்டு பெரியவர்களையும் சொல், அவர்களோடு பாட்டியையும் சொல். கடாரம் என்ற பெயரை மாற்றாமல் அப்படியே எழுது. வாசிக்கிறவர்கள் உச்சரிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் ரதம் வரும்போது உன் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைக்கிறோம். அந்த நாள்காட்டித் தாளை அஞ்சலில் போட எடுத்தேன், மனம் வரவில்லை. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. அலமாரியில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா